தாயும் சேயும் நலமா?

"தாயும் சேயும் நலம்."

பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து வெளியூருக்குப் புறப்படும் முதல் செய்தி இதுதான். முன்பு தந்தியில் போயிற்று. இப்போது கைபேசியில் போகிறது. வாசகம் மட்டும் மாறவில்லை. செய்தி கிடைத்ததும் வாய்க்குச் சர்க்கரை போடுகிறோம். "பையனா, பெண்ணா?" என்று கேட்கிறோம். "எத்தனை கிலோ?" என்று கேட்கிறோம். தாயைப் பற்றிய விசாரணை அந்த ஒரு வரியோடு முடிந்து விடுகிறது.

சேயின் நலத்துக்குச் சாட்சிகள் உண்டு. நிறுத்துப் பார்க்கத் தராசு இருக்கிறது. தடுப்பூசி அட்டை இருக்கிறது. தாயின் நலத்துக்கு என்ன சாட்சி? "தையல் ஆறிவிட்டது" என்ற ஒரு வார்த்தைதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். முப்பது வயது. தலைப் பிரசவம். பிள்ளையின் தலை வெகு நேரம் இறங்காமல் நின்று, கடைசியில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பிள்ளை கொழுகொழு என்று இருந்தது. மூன்றாம் மாதம், தும்மினால் அவளுக்குச் சிறுநீர் கசிந்தது. மாலை ஆனால் கீழே ஏதோ இறங்கி நிற்பது போன்ற பாரம். மாமியாரிடம் சொன்னாள். "பிள்ளை பெற்றால் அப்படித்தான் அம்மா. நாங்கள் எல்லாம் பெறவில்லையா?" என்றார் அவர். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் சொன்னாள். தையலைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று அனுப்பி விட்டார்கள்.

எல்லாம் சரியாக இருந்தது. அவள் மட்டும் சரியாக இல்லை! பஸ்ஸில் போக வேண்டிய நாளில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். கலியாண வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். பிள்ளையைத் தூக்கவே பயந்தாள். இரண்டு வருஷம் கழித்து, வேறு ஊரில் ஒரு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். வலது பக்கத்துத் தசை எலும்பிலிருந்து பிரிந்து கிடந்தது. அந்தப் படத்தைப் பார்த்து அவள் அழுதாளாம். "இத்தனை நாளும் நான் சொன்னதை யாரும் நம்பவில்லையே!" என்று அழுதாளாம்.

அந்த அழுகைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

உள்ளே ஒரு தூளி

பிரிந்தது என்ன தசை? அதைத் தெரிந்து கொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வீட்டில் சேலையால் தூளி கட்டுகிறோம் அல்லவா? இரண்டு முனைகளும் உத்தரத்தில்; நடுவில் குழந்தை. பெண்ணின் இடுப்புக் கூட்டின் அடியிலும் இப்படி ஒரு தூளி இருக்கிறது. அதன் முனைகள் முன்புறத்து எலும்பில், இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாகப் பிடித்திருக்கின்றன. அங்கிருந்து பின்னால் போய் மலக்குடலைச் சுற்றி வளைத்துக் கொண்டு நிற்கிறது அந்தத் தசை. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றுக்கும் அது தாங்கல். நாம் இருமும்போதும், குடத்தைத் தூக்கும்போதும், வயிற்றின் அழுத்தம் முழுவதும் கீழே இறங்குகிறது. தூளி இறுகி அதைத் தாங்குகிறது.

பிரசவத்தில் பிள்ளையின் தலை இந்தத் தூளியின் நடு வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அப்போது தசை எவ்வளவு நீள்கிறது? அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தசையின் சில பகுதிகள் தம் இயல்பான நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் நீள வேண்டியிருக்கிறது என்று கண்டார்கள். கையில் காலில் உள்ள எந்தத் தசையை இப்படி இழுத்தாலும் அறுந்து போகும். பெரும்பாலான தாய்மார்களுக்கு இந்தத் தசை அறாமல் மீள்கிறது என்பதுதான் ஆச்சரியம்!

சிலருக்கு மீள்வதில்லை. தூளியின் ஒரு முனை உத்தரத்திலிருந்து கழன்று விடுகிறது. சில சமயம் இரண்டு முனைகளும் கழன்று விடுகின்றன. வெளியே தோல் கிழியாமலே இது நடக்கலாம். அதனால்தான் தையலைப் பார்த்தவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவத்தில் இந்த ஆபத்து அதிகம். தலைச்சன் பிரசவத்திலேதான் பெரும்பாலும் நேருகிறது.

விரல் கண்டதும் படம் காட்டியதும்

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. ஹோவர்டு கெய்னி என்ற அமெரிக்க டாக்டர், பிரசவமான பெண்களைக் கையால் சோதித்துப் பார்த்து, சிலருக்குத் தசை எலும்பை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று 1943-லேயே எழுதினார். அவரிடம் எந்த யந்திரமும் இல்லை, விரல்தான் இருந்தது. எழுதியதைப் பிற்பாடு உலகம் மறந்தே போயிற்று.

ஒலி அலையைக் கொண்டு வயிற்றுக்குள் பார்க்கும் வித்தையை ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயான் டொனால்டும் அவருடைய தோழர்களும் 1958-ல் உலகுக்குச் சொன்னார்கள். அன்று முதல் கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஸ்கேன் என்றால் பிள்ளையைப் பார்ப்பது என்று ஆகிவிட்டது. தலை எவ்வளவு, தொடை எலும்பு எவ்வளவு, துடிப்பு எவ்வளவு என்று அளந்தார்கள். மிகவும் நல்ல காரியம்! ஆனால் அந்தக் கண், பிள்ளை வந்த வழியைத் திரும்பிப் பார்க்க வெகு காலம் ஆயிற்று.

லண்டனில் டாக்டர் சுல்தானும் அவருடைய கூட்டாளிகளும் 1993-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பும், ஆறு வாரம் பின்பும் ஆசன வாயைச் சுற்றியுள்ள வளையத் தசையை ஒலி அலைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். முதல் பிள்ளையை இயற்கையாகப் பெற்ற 79 பெண்களில் 28 பேருக்கு அந்தத் தசையில் பழுது தெரிந்தது. சிசேரியன் ஆன 23 பேரில் ஒருவருக்கும் புதிதாகப் பழுது இல்லை.

2003-ல் மிச்சிகனைச் சேர்ந்த டாக்டர் டிலான்சி குழுவினர், எம்.ஆர்.ஐ. படத்தில் நமது தூளித் தசையையே பார்த்தார்கள். பிள்ளை பெறாத 80 பெண்களில் ஒருவருக்கும் பழுது இல்லை. ஒரு பிள்ளையை இயற்கையாகப் பெற்ற 160 பெண்களில் 32 பேருக்குப் பழுது இருந்தது. அந்த 32 பேரில் 23 பேர், இருமினால் சிறுநீர் கசிகிறது என்று சொன்ன பெண்கள். ஆகவே, "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்ற பேச்சுக்குப் பின்னால் பலருக்கு ஒரு காயம் இருந்திருக்கிறது!

2005-ல் ஆஸ்திரேலியாவில் டாக்டர் டீட்ஸ், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார். இயற்கையாகப் பெற்ற 39 பேரில் 14 பேருக்குத் தசை பிரிந்திருந்தது. பிரசவத்துக்கு முன்பே பார்த்திருந்ததால், காயம் பிரசவத்தில் நேர்ந்ததுதான் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. இவை சிறிய ஆய்வுகள். ஊருக்கு ஊர், பிரசவம் பார்க்கும் முறைக்கு முறை, கணக்கு மாறும். ஆனால் காயம் உண்டு என்பது மாறாது.

எப்படிப் பார்க்கிறார்கள்?

ஸ்கேன் என்றதும் பயப்பட வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கச் சொல்லுவார்கள். வயிற்றின் மேல் வைக்கிற அதே மாதிரிக் கருவிக்குச் சுத்தமான உறை மாட்டி, வெளிப்புறத்தில் வைப்பார்கள். "இறுக்கிப் பிடியுங்கள்" என்பார்கள். "முக்குங்கள்" என்பார்கள். இறுக்கும்போது தூளி சுருங்குகிறதா, முக்கும்போது எவ்வளவு விரிகிறது, மூத்திரப்பையும் கர்ப்பப்பையும் எவ்வளவு இறங்குகின்றன என்பதெல்லாம் திரையில் ஓடும். பிறகு அந்தப் படத்தை, ரொட்டியைத் துண்டு போடுவது போல, இரண்டரை மில்லிமீட்டருக்கு ஒரு துண்டாக வெட்டிப் பார்ப்பார்கள். நடுவில் உள்ள மூன்று துண்டுகளிலும் தசை எலும்பை விட்டு விலகியிருந்தால், முழுவதும் பிரிந்துவிட்டது என்று முடிவு செய்வார்கள். சில நிமிஷ வேலை. ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை.

எம்.ஆர்.ஐ. படம் இன்னும் நுட்பமாக இருக்கும். ஆனால் செலவு அதிகம். குகை போன்ற யந்திரத்துக்குள் சத்தத்துக்கு நடுவே அசையாமல் படுத்திருக்க வேண்டும். தசை வேலை செய்வதை நேருக்கு நேர் பார்க்க ஒலி அலையே வசதி. வயிற்றுப் பிள்ளையின் முகத்தைக் காட்டுகிறார்களே, அந்த முப்பரிமாண யந்திரம் ஒன்றே போதும். ஆக, யந்திரம் நம் ஊர்களுக்கு ஏற்கனவே வந்துவிட்டது. அதைத் தாயின் பக்கம் திருப்பிப் பார்க்கத் தெரிந்த கை வரவேண்டியதுதான் பாக்கி.

ஓர் எச்சரிக்கை. பிரசவமானவுடன் படம் எடுத்துத் தீர்ப்புச் சொல்லி விடக் கூடாது. வீக்கமும் இரத்தக் கட்டும் தசையை மறைக்கும். மூன்றாம் மாதத்தில் பழுது போலத் தெரிந்தது ஒரு வருஷத்தில் தேறியிருப்பதும் உண்டு. உடம்புக்கு ஆறுவதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும்.

"பார்த்து என்ன பயன்?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. டாக்டர்களிலும் உண்டு. பிரிந்த தசையை மீண்டும் எலும்பில் கட்டி நிலைநிறுத்த நம்பத்தக்க அறுவைச் சிகிச்சை இன்னும் இல்லை. சரி செய்ய முடியாததைப் படம் எடுத்துப் பார்ப்பானேன் என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தை நான் ஒப்புக் கொள்ளவில்லை. முதலாவது, எல்லாக் காயமும் சரி செய்ய முடியாதவை அல்ல. ஆசன வாயின் வளையத் தசை கிழிந்ததைப் பிரசவ மேஜையிலேயே கண்டுபிடித்தால் அப்போதே தைக்கலாம். பிற்பாடு மலத்தை அடக்க முடியவில்லை என்று வருகிறவளுக்கு, எந்த இடத்தில் எவ்வளவு விட்டிருக்கிறது என்பதைப் படம்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது, தேகப் பயிற்சி. டாக்டர் ஆர்னால்டு கீகல் 1948-ல் எழுதிய நாளிலிருந்து, இந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உலகமெங்கும் வழங்கி வருகிறது. ஒரு தடவைக்கு எட்டு முறையாவது இறுக்குவது, நாளைக்கு மூன்று தடவை, தெரிந்தவர் மேற்பார்வையில் மூன்று மாதமாவது செய்து பார்ப்பது என்பது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மருத்துவ வழிகாட்டுக் குழு சிறுநீர்க் கசிவுக்குச் சொல்லும் அளவு. ஆனால் பலர் இறுக்குவதாக நினைத்துக் கொண்டு கீழே முக்குகிறார்கள்! ஸ்கேன் திரையில் தன் தசை மேலே ஏறுவதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் பெண்ணுக்குப் பயிற்சி பிடிபடும். தசை பிரிந்தவளுக்கு மிஞ்சிய தசையை இது பலப்படுத்தும். கழன்ற முனையை ஒட்ட வைக்காது. அதைத் தெரிந்து கொண்டால், "பயிற்சி செய்தும் தேறவில்லையே, நான் சோம்பேறியோ?" என்று அவள் தன்னையே நொந்து கொள்ள மாட்டாள்.

மூன்றாவது, வருங்காலம். தசை பிரிந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் இறங்கும் வாய்ப்பு அதிகம். இறங்கியதைத் தாங்க வைக்கும் வளையம் அவர்களுக்கு நழுவி விழுவது அதிகம். ஆபரேஷன் செய்தாலும் திரும்ப இறங்குவது அதிகம். இதையெல்லாம் முன்னதாகத் தெரிந்து கொண்டு ஆபரேஷனுக்கு இறங்குவதற்கும், தெரியாமல் இறங்குவதற்கும் வித்தியாசம் இல்லையா? மலச்சிக்கலையும் நாட்பட்ட இருமலையும் கவனிப்பது, பளுவைக் குறைப்பது, அடுத்த பிரசவத்தைப் பற்றி முன்கூட்டியே யோசிப்பது எல்லாம் தெரிந்தவளால்தான் முடியும்.

பயம் வியாபாரம் ஆகக் கூடாது

இதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் பிரசவங்கள் அநேகமாக எல்லாம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி நூற்றுக்கு 99.6. சிசேரியன் நூற்றுக்கு 44.9. ஏற்கனவே பாதிக்குக் கொஞ்சம் குறைவு! "தசை பிரிந்து விடும், கத்தி போட்டுக் கொள்ளுங்கள்" என்று பயமுறுத்த இந்த ஆராய்ச்சியைப் பயன்படுத்தினால் அது பெரும் அநியாயம். சிசேரியனுக்கும் அதற்குரிய ஆபத்துகள் உண்டு. பிள்ளையைச் சுமந்ததாலேயே வரும் சிறுநீர்க் கசிவை அது அடியோடு தடுத்துவிடுவதும் இல்லை. இயற்கையாகப் பெறுகிற தாய்மார்களில் பெரும்பாலோருக்குத் தசை அப்படியே நிற்கிறது. பிரிந்தவர்களிலும் தொல்லை ஒன்றும் இல்லாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. அவர்களைக் கூப்பிட்டுப் படம் காட்டிப் பயமுறுத்துவதால் யாருக்கு லாபம்?

ஆகவே, எல்லாத் தாய்மாருக்கும் ஸ்கேன் என்று நான் சொல்லவில்லை. தொல்லை சொல்லுகிறவளுக்கு, ஆயுதம் போட்டு எடுத்தபின் பாரமும் கசிவும் தீராதவளுக்கு, ஆசன வாய் வரை கிழிந்தவளுக்கு, இறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யப் போகிறவளுக்கு, இவர்களுக்குப் படம் வேண்டும் என்கிறேன். அதற்கும் முன்னால் நல்ல கைச் சோதனை வேண்டும் என்கிறேன்.

கையின் பெருமையைக் கடைசியில் யந்திரமே சொல்லிவிட்டது. லண்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. முதல் தடவை இயற்கையாகப் பெற்ற 241 பெண்களைப் பிரசவம் பார்த்தவர் சோதித்தபோது, வளையத் தசைக் கிழிசல் நூற்றுக்கு 11 பேருக்குத்தான் என்றார்கள். தேர்ந்த டாக்டர் ஒருவர் அப்போதே மறுபடி சோதித்தபோது நூற்றுக்கு 24.5 ஆயிற்று. பிறகு ஸ்கேனும் எடுத்தார்கள். அதில் மட்டுமே புதிதாகத் தெரிந்தவர்கள் மூன்றே பேர்! காயம் ஒளிந்திருக்கவில்லை, பார்க்கத்தான் இல்லை. கையும் கண்ணும் பழகிவிட்டால் யந்திரத்தின் வேலை பாதியாகக் குறையும்.

இதற்குப் பணம் வேண்டாம்

நம் கிராமத்துப் பெண்களுக்கு இந்த வியாதி புதிது அல்ல. "அடி இறங்கிவிட்டது" என்று அதற்குப் பேரே உண்டு. கர்ப்பப்பை இறக்கத்தோடு வாழும் தமிழ்நாட்டுப் பெண்களிடமே கேட்டு சுந்தரி ரவீந்திரனும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதிய ஆய்வு 1999-ல் வெளிவந்தது. வயலில் குனிந்து நாற்று நடுகிறவளும், தலையில் கல் சுமக்கிறவளும் பேரப் பிள்ளை எடுத்த பிறகும் யாரிடமும் சொல்லாமல் துணியை மடித்து வைத்துக் கொண்டு வேலைக்குப் போகிறார்கள். கூச்சம் ஒரு காரணம். சொன்னால் என்ன பதில் வரும் என்று முன்பே தெரியும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பிள்ளைக்கு ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் தடுப்பூசி போடுகிறார்கள். தூக்கிக் கொண்டு வருகிறவள் தாய்தான். பிள்ளைக்கு ஊசி போட்ட பிறகு, நர்ஸ் அம்மாள் தாயைத் தனியே அழைத்து நான்கு கேள்வி கேட்கட்டும். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா? மலமும் காற்றும் அடக்க முடிகிறதா? கீழே பாரமோ, எதுவும் இறங்கினாற் போலவோ இருக்கிறதா? இல்லறத்தில் வலி உண்டா? பதிலை அந்தத் தடுப்பூசி அட்டையிலேயே ஒரு மூலையில் எழுதட்டும். "ஆம்" என்கிறவளைப் பயிற்சி சொல்லிக் கொடுப்பவரிடமும், அதிலும் தேறாதவளை ஸ்கேன் பார்க்கத் தெரிந்த டாக்டரிடமும் அனுப்பட்டும்.

இது ஆகாத காரியம் அல்ல. பிரான்ஸ் தேசத்தில் பிரசவமான தாய்க்கு இந்தத் தசைக்கென்றே பயிற்சி கொடுக்கிறார்கள். செலவைச் சமூகக் காப்பீடு ஏற்கிறது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், வீட்டுக்கே வந்து உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுப்பதையும் சேர்த்தார்கள். வீட்டு வாசல் வரை வந்த உதவி, பிள்ளை பெற்றவள் படுக்கையைத் தாண்டிப் போகலாமா?

கடைசியாக, மாமியார்மாருக்கும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. காயப் பொடி இடித்துக் கொடுக்கிறீர்கள். வயிற்றுக்குத் துணி கட்டுகிறீர்கள். பத்தியம் பார்த்துச் சோறு போடுகிறீர்கள். இவ்வளவு அன்பாகச் செய்கிற நீங்கள், அவள் தயங்கித் தயங்கி ஒரு குறை சொல்ல வரும்போது, "எனக்கும் இருந்தது" என்று வாயை அடைத்து விடாதீர்கள். உங்களுக்கும் இருந்ததென்றால் உங்களுக்கும் காயம் பட்டிருக்கலாம். அன்றைக்குப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான். இருவருமாகச் சேர்ந்தே டாக்டரிடம் போங்கள்.

அடுத்த முறை "தாயும் சேயும் நலம்" என்று செய்தி வந்தால், சர்க்கரையைப் போட்டுக் கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் கூப்பிட்டு, சேயை விட்டுவிட்டுத் தாயை மட்டும் விசாரியுங்கள்.